வாடைக்கும் கச்சானுக்கும் ஒரு கொப்பி

இலங்கையின் கிழக்குக் கரையில், திருகோணமலைப் பக்கத்து நிலாவெளியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எட்டாம் வகுப்பில் படிக்கும் மகள், மரமும் பறவையும் பூச்சியும் பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகின்றன என்று ஒரு வருஷம் குறித்துவைக்க ஆசைப்படுகிறாள். இணையத்தில் பார்த்தால் வசந்தம், இலையுதிர்காலம் என்று போட்டிருக்கிறார்கள். இங்கே எப்போதும் வெயில்தானே, எதைக் குறிப்பது?"

வெயில் ஒன்றுதான், காற்று ஒன்றல்ல அம்மா. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்று, மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு நம் பக்கம் இறங்கி வருகிறது, அதுதான் கச்சான் (கடலை இல்லை, காற்று!). டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்க் காற்று, நம் வாடை. நடுவில் மார்ச், ஏப்ரல் ஒரு இடைக்காலம், ஒக்டோபர், நவம்பர் இன்னொன்று. கொப்பியை இந்த நாலாகப் பிரித்தால் போதும்.

மரம் ஒன்றே ஒன்று. நான் தொடங்கிய வருஷம் பத்து மரத்துக்குப் பட்டியல் போட்டு மூன்றாம் மாதமே கைவிட்டவன், அதனால் சொல்கிறேன். வளவில் வேம்பு நின்றால் அதுவே நல்லது: மழை ஓய்ந்தபின் இலை கொட்டும், செம்பு நிறத்தில் தளிர் விடும், சித்திரையை ஒட்டிப் பூக்கும், கச்சானில் பழுத்து விழும். கிழமைக்கு ஒருநாள், அதே இடத்தில் நின்று பத்து நிமிஷம் பார்த்து, இலை, பூ, காய், பழம் என்று நாலு கட்டம் போட்டு ஒன்றுமில்லை, கொஞ்சம், நிறைய என்று எழுதினால் சரி. 'ஒன்றுமில்லை' என்பதையும் தவறாமல் எழுத வேண்டும், பூ எந்தக் கிழமையில் தொடங்கியது என்று பிறகு தேடும்போது அந்த வெறும் கிழமைகள்தான் கைகொடுக்கும்.

பறவையில் வந்துபோகிறவற்றைப் பிடியுங்கள். காகமும் மைனாவும் வருஷம் முழுக்க இருக்கும். ஆறுமணிக்குருவி அப்படியில்லை, இந்தியாவில் குஞ்சு பொரித்துவிட்டு செப்டெம்பர், ஒக்டோபரில் இரவோடிரவாகக் கடல் தாண்டி வந்து ஏப்ரல் வாக்கில் திரும்பிவிடும். பற்றைக்குள் ஒளிந்து திரிவதால் கண்ணில் படுவது கஷ்டம், ஆனால் காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டி இரண்டு சுருதியில் விசிலடிக்கும். ஃபோனில் பதிவு செய்துகொள்ளட்டும், பைனாகுலர் வாங்கித் தர வேண்டாம். முதல் விசில் கேட்ட தேதி, கடைசி விசில் கேட்ட தேதி, இந்த இரண்டுமே பெரிய சொத்து.

பூச்சிக்கு முதல் மழைதான் மணி அடிக்கும். அன்று மாலை விளக்கடியில் ஈசல், அடுத்தடுத்த நாட்களில் ஈரமணலில் சிவப்பு வெல்வெட் பொட்டுப்போல தம்பலப்பூச்சி (கால்களை எண்ணச் சொல்லுங்கள், எட்டு இருக்கும், சிலந்தியின் சொந்தம்). அப்புறம் வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக ஒரே திசையில் போகும் நாட்கள் வரும். இரண்டு வேலிக்கம்பத்துக்கு நடுவே ஐந்து நிமிஷத்தில் எத்தனை கடக்கின்றன, எந்தப் பக்கம் போகின்றன என்று எண்ணலாம். ஆவரசுச் செடி அருகில் நின்றால் இலையைத் திருப்பிப் பாருங்கள், அவற்றின் புழு அதைத் தின்பதுண்டு.

ஒன்று மட்டும். வந்திறங்கும் நாட்களில் ஆறுமணிக்குருவி களைத்துப்போய் யன்னல் கண்ணாடியில் மோதி விழுவதுண்டு. வாயில் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, இருட்டான அமைதியான இடத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் விட்டு, பற்றை ஓரமாகத் திறந்துவிடுங்கள். அதன் தேதியையும் கொப்பியில் போடச் சொல்லுங்கள்.