செவெரஸ் வளைவின் நான்காம் வரி ஏன் மாற்றப்பட்டது?

ரோமிலுள்ள செப்டிமியஸ் செவெரஸ் வெற்றி வளைவின் இலத்தீன் கல்வெட்டில் நான்காம் வரி மட்டும் ஏன் மாறுபட்டுத் தெரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கி.பி. 203இல் எழுப்பப்பட்ட அந்த வளைவில் பேரரசர் செவெரஸ், அவருடைய மைந்தர்கள் காரகல்லா, கெட்டா ஆகிய மூவரின் பெயர்களும், நம் இலக்கணத்தின் நான்காம் வேற்றுமையைப் போல, ‘இன்னாருக்கு’ என்று பொருள்படும் உருபோடு பொறிக்கப்பட்டிருந்தன. அர்ப்பணித்த செனட்டும் (ரோமின் ஆட்சி மன்றம்) ரோமானிய மக்களும் இறுதியில் எஸ்.பி.க்யூ.ஆர். என்ற சுருக்கத்தின் நான்கே எழுத்துகளில் அடங்கிவிடுகின்றனர்.

தந்தை 211இல் இறந்தார். அவ்வாண்டின் இறுதியிலேயே காரகல்லா தம் தம்பியைக் கொல்வித்தார். அதன்பின் கெட்டாவின் பெயரும் உருவமும் பேரரசெங்கும் அழிக்கப்பட்டன. வளைவின் நான்காம் வரியில் அவர் பெயரிருந்த இடத்தைச் செதுக்கியெடுத்து, ‘மிகச் சிறந்த, மிகுந்த வீரமுள்ள அரசர்களுக்கு’ எனப் பொருள்படும் புகழ்த்தொடரால் நிரப்பினார்கள். காலியிடத்தை அப்படியே விடாமல் புகழ்ச்சியால் மூடியதுதான் என்னை மிகவும் கலங்கவைக்கிறது. ஆயினும், வெண்கல எழுத்துகளைப் பொருத்துவதற்காகத் துளைத்த பழைய குழிகள் புதிய எழுத்துகளோடு ஒத்துப்போகாமல் கல்லிலேயே தங்கிவிட்டன. அவற்றின் இடைவெளிகளைக் கணக்கிட்டே அறிஞர்கள் கெட்டாவின் பெயரை மீண்டும் படித்தார்கள்.