பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்யும் மனித முகம் ஏன் மெழுகு பொம்மை மாதிரியே வருகிறது?

முக அமைப்பு நன்றாக வந்துவிட்டது, டெக்ஸ்சரும் (முகத்தின் மேல் போர்த்தும் தோல் படம்) தரமானது, ஆனாலும் அந்த மாநிறப் பெண்ணின் முகம் ரெண்டரில் (மென்பொருள் கடைசியாக ஆக்கித் தரும் படத்தில்) மெழுகாகத் தெரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கேரக்டர் ஷேடிங்தான் என் வேலை. மாடலை இப்போதைக்குத் தொடாதீர்கள், தோல் ஷேடரை, அதாவது ஒளி பட்டால் தோல் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் அமைப்பைத் திறங்கள்.

பிளெண்டர் 4-இல் பிரின்சிபிள்டு என்ற பொது ஷேடரின் சப்சர்ஃபேஸ் ஸ்கேல் (பரப்புக்கு உள்ளே ஒளி எவ்வளவு தூரம் பரவும் என்பதற்கான எண்), நாம் மாற்றாதவரை 0.05 மீட்டர். அதாவது 5 செ.மீ. ஒரு மனிதத் தலையே உச்சியிலிருந்து தாடை வரை 22, 23 செ.மீ.தான். அதில் சிவப்பு ஒளி 5 செ.மீ. பரவினால் மூக்கும் காதும் மெழுகாகாமல் என்ன செய்யும்? உண்மைத் தோலில் இந்தப் பரவல் சில மில்லிமீட்டர்தான். மாடலைப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ இருந்தால் அந்த ஸ்கேலை அப்ளை செய்துவிட்டு, சப்சர்ஃபேஸ் எண்ணை 0.003, 0.004 என்று இறக்கிப் பாருங்கள். மாடல் நிஜ அளவில் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் கண்விழியை அளந்தால் போதும். பெரியவர்கள் யாராக இருந்தாலும் அதன் குறுக்களவு ஏறக்குறைய 24 மி.மீ.

தோலுக்குள் போகும் ஒளி உள்ளே சிதறி வேறு இடத்தில் வெளிவருகிறது. இதை நடைமுறையில் கணக்கிடும் வழியை 2001-இல் ஜென்சன், மார்ஷ்னர், லெவாய், ஹன்ரஹான் நால்வரும் வெளியிட்டார்கள். பால், சலவைக்கல், தோல் மூன்றுக்கும் அதே கணக்கு. பின்னாளில் ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது வரை போன வேலை அது.

அடுத்தது நம் நிறம். பெரும்பாலான டுடோரியல்கள் வெள்ளைத் தோலை வைத்தே சொல்லித் தருகின்றன. அதையே எடுத்து டெக்ஸ்சரை மட்டும் கருமையாக்கினால் சாம்பல் பூத்த முகம்தான் கிடைக்கும். மெலனின் இருப்பது மேல்தோலில், ரத்தம் ஓடுவது அதற்குக் கீழே. மெலனின் கூடக் கூட, கீழே போய்த் திரும்பும் ஒளி குறைகிறது. ஆனால் மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் பளபளப்பு எந்த நிறத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் மாநிறத்திலும் கறுப்பிலும் முகத்தின் வடிவத்தை அதிகம் காட்டுவது அந்தப் பளபளப்பே. உங்கள் நேரத்தில் பாதியை ரஃப்னஸ் மேப்புக்கு (எங்கே பளபளப்பு, எங்கே மங்கல் என்று சொல்லும் படம்) கொடுங்கள். வெயிலில் நிற்கும் ஒருவரின் நெற்றியையும் மூக்கு நுனியையும் கிட்டப்போய்ப் பாருங்கள்: எண்ணெய்ப்பசை மின்னும், ஆனால் ஒரே வழவழப்பாக இருக்காது, துளைகளில் உடைந்து உடைந்து மின்னும். கன்னத்தின் ஓரம் அதைவிட மங்கல். மேலுதடும் கீழுதடும் பல முகங்களில் வேறு வேறு நிறம். கண்ணைச் சுற்றி ஒரு கருமை உண்டு. அதைக் குறை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். ஐஓஆர் (ஒளிவிலகல் எண்) 1.4-ஐ ஒட்டி இருக்கட்டும்.

கண்ணில் மூன்று விஷயம் பார்த்தால் போதும். வெள்ளை விழி வெள்ளை இல்லை, லேசான பழுப்பு ஓடும், மேலிமையின் நிழலும் அதன்மேல் விழும். கருவிழிக்கு முன்னால் கார்னியா என்ற ஒளிபுகும் படலம் தனியாகப் புடைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒளிப்புள்ளி சரியான இடத்தில் விழாது. கீழிமையும் விழியும் சேரும் இடத்தில் மெல்லிய ஈரக்கோடு ஒன்று வேண்டும். அது இல்லாத கண்ணை வெட்டி ஒட்டியது என்று பார்க்கிறவர்கள் உடனே உணர்ந்துவிடுவார்கள். காரணம் சொல்லத்தான் தெரியாது.

முடியைப் பொறுத்தவரை, தலைமுடியைவிடக் கன்னத்துப் பூனைமுடிதான் முக்கியம். பக்கவாட்டு வெளிச்சத்தில் முகத்தின் விளிம்பை மென்மையாக்குவது அதுதான்.

முகம் அசையப்போகிறது என்றால் முதலில் சிரிப்பைச் செய்து சோதியுங்கள். மனசாரச் சிரிக்கும்போது கன்னம் மேலேறிக் கீழிமையைத் தள்ளும், கண் சுருங்கும். வாயோரம் மட்டும் விரியும் சிரிப்பு எவ்வளவு நல்ல ஷேடரையும் கெடுத்துவிடும். சப்சர்ஃபேஸ் ஸ்கேலை மாற்றிய பிறகு வரும் ரெண்டரைப் போடுங்கள், ரஃப்னஸ் மேப்பைச் சேர்ந்தே பார்க்கலாம்.