வாசகர் கேள்வி – பதில்: உணர்ந்ததை ஆதாரமாக வைக்கலாமா?

கேள்வி: மாணவர் முகாமில் இரவு ஜெபத்தின்போது இயேசு என் அருகில் நிற்பதைத் தெளிவாக உணர்ந்தேன். வெகுநேரம் அழுதேன். “அது மூளை செய்கிற வேலை. பஜனையில் உட்கார்ந்தால் எனக்கும்தான் கண்ணீர் வருகிறது” என்கிறான் விடுதி நண்பன். இந்த அனுபவத்தை வைத்து நான் கிறிஸ்துவை விசுவாசிப்பது சரியா?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: உங்கள் நண்பர் இரண்டு வாதங்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டார். முதலாவது பலவீனமானது. இரண்டாவதற்குப் பலம் உண்டு, அதற்குப் பொறுப்பாகப் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் மூளை. மாம்பழத்தைப் பார்க்கும்போதும் மூளையில் ஏதோ நடக்கத்தான் செய்கிறது. அதற்காக மாம்பழமே இல்லை என்று யாரும் சொல்வதில்லை. ஒன்று இருப்பதாக நமக்குத் தோன்றினால், சந்தேகிக்கத் தனிக் காரணம் கிடைக்கும்வரை அது இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே நியாயம் என்று ரிச்சர்ட் ஸ்வின்பர்ன் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் 1979-ல் வாதிட்டார். ‘தனிக் காரணம்’ என்ற இடத்தில்தான் நீங்கள் நேர்மையாக இருக்க வேண்டும். அன்று எத்தனை மணி நேரம் உபவாசம்? முந்தின இரவு தூங்கினீர்களா? காய்ச்சல் இருந்ததா, ஏதாவது மருந்து சாப்பிட்டீர்களா? ஒரே பல்லவியை எவ்வளவு நேரம் திரும்பத் திரும்பப் பாடினார்கள்? இவற்றில் ஒன்று இருந்ததாலேயே அனுபவம் பொய்யாகிவிடாது. ஆனால் ஆதாரமாக அதன் எடை குறையும்.

இனி பஜனை. நண்பரின் கண்ணீரைப் போலி என்று சொல்லத் தேவையில்லை, சொல்லவும் கூடாது. கண்ணீர், உடல் சிலிர்ப்பு, நெஞ்சு நிறைந்த சமாதானம் இவையெல்லாம் வந்தவர் யார் என்பதைத் தாமாகச் சொல்லிவிடுவதில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியில் எழுப்புதல் (திரளானோர் பக்தியில் கிளர்ந்தெழுவது) அலை அடித்து ஓய்ந்த பின், அதை நேரில் கண்ட போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் 1746-ல் 12 அடையாளங்களைப் பட்டியலிட்டார். இவை இருப்பதால் ஓர் அனுபவம் தேவனுடையது என்றும் ஆகாது, அல்ல என்றும் ஆகாது என்றார். உணர்ச்சியின் வேகம், உடலில் தெரியும் விளைவு, வசனங்கள் தாமாக நினைவுக்கு வருவது எல்லாம் அதில் அடக்கம். எழுப்புதலை ஆதரித்தவரே இப்படி எழுதினார் என்பதால், நம் சபைகளில் இதை நிதானமாகப் படிக்க வேண்டும்.

அப்படியானால் கிறிஸ்து என்று எப்படிச் சொல்வது? பவுல் செய்ததைக் கவனியுங்கள். தமஸ்கு வழியில் அவர் கண்டதைவிடப் பெரிய அனுபவம் யாருக்கு வரும்? ஆனாலும் 1 கொரிந்தியர் 15-ல் உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டவர்களை, கேபா (பேதுரு), பன்னிருவர், ஐந்நூறுக்கு அதிகமான சகோதரர், யாக்கோபு, அப்போஸ்தலர் எல்லாரும் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில்தான் தன்னைச் சேர்க்கிறார். அந்த ஐந்நூறு பேரில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும் சொல்கிறார். ‘போய்க் கேட்டுப் பாருங்கள்’ என்பதுபோல. சிலுவை, காலியான கல்லறை, சீஷர்களின் சாட்சி ஆகியவற்றை உங்கள் நண்பரும் ஆராயலாம். உங்கள் முகாம் இரவு அந்த வரிசையின் கடைசியில் நிற்கட்டும். உங்களுக்கு அது நல்ல காரணம். அவருக்கு அது நீங்கள் சொல்லும் சாட்சி மட்டுமே. உங்கள் நடக்கையைப் பார்த்துத்தான் அதை அவர் எடைபோடுவார்.

கேள்வி: எங்கள் சபையில் சாட்சி நேரத்தில் எல்லாரும் தாங்கள் இரட்சிக்கப்பட்ட நாள், நேரம் சொல்கிறார்கள். எனக்கு அப்படி எந்த அனுபவமும் இல்லை. என் விசுவாசம் குறைவானதா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: இல்லை. அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தை எடுங்கள். பிலிப்பி பட்டணத்துச் சிறைக்காரனுக்கு நள்ளிரவு, பூமியதிர்ச்சி, நடுக்கம். அதே பட்டணத்தில் லீதியாள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள், கர்த்தர் அவள் இருதயத்தைத் திறந்தார், அவ்வளவுதான். நாள் குறித்தவர்களுக்கும் போராட்டம் ஓய்வதில்லை. மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738 மே 24 இரவு சுமார் எட்டே முக்கால் மணிக்கு லண்டனில் தன் இருதயம் அனலானதை எழுதி வைத்தார். 1739 ஜனவரி 4-ல் ‘நான் இன்னும் கிறிஸ்தவன் அல்ல’ என்றும் தன் நாட்குறிப்பில் எழுதினார்.

கேள்வி: ஜெபத்தில் ‘வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வா’ என்ற குரலைக் கேட்டேன். வீட்டில் எதிர்க்கிறார்கள். உடனே கீழ்ப்படிய வேண்டாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: ராஜினாமா கடிதம் எழுதும் முன் வேறொன்றை எழுதுங்கள். தாளை நடுவில் கோடிட்டு, இடப்பக்கம் கேட்டதை மட்டும், கேட்ட அதே சொற்களில், தேதி நேரத்தோடு எழுதுங்கள். நீங்கள் புரிந்துகொண்டது வலப்பக்கம். பிரெஞ்சுக் கணித அறிஞர் பாஸ்கல் 1654 நவம்பர் 23 இரவு பத்தரை முதல் பன்னிரண்டரை வரை தனக்கு நேர்ந்ததை அப்படித்தான் மணிக்கணக்கோடு குறித்து, சட்டையின் உட்துணியில் தைத்து வைத்தார். 1662-ல் அவர் இறந்த பிறகே அது வெளியே தெரிந்தது. பெரும்பாலும் தவறு வலப்பக்கத்தில்தான் நடக்கிறது. ‘ஊழியத்துக்கு வா’ என்பது இடப்பக்கம் இருக்கும். ‘இந்த மாதமே’, ‘முழுநேரமாக’, ‘சேமநிதிப் பணத்தை எடுத்து’ என்பவை யார் சேர்த்தவை?

கேட்டது, புரிந்துகொண்டது என்ற இந்த வேறுபாட்டை, இயேசு சபைத் துறவிகளின் சபையை நிறுவிய இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சி விதிகளில் தெளிவாகவே வைத்திருக்கிறார். ஆறுதல் தேவனிடமிருந்தே வந்திருந்தாலும், அது தணிந்த பின் வரும் நேரத்தில் நாம் நம் சொந்தத் திட்டங்களையும் தீர்மானங்களையும் கலந்துவிடுகிறோம், அவற்றைத் தனியே சோதிக்க வேண்டும் என்கிறார். 1521-ல் பீரங்கிக் குண்டால் கால் உடைந்து படுத்திருந்தபோது அவர் கற்றது இது: வீரசாகசக் கனவுகள் அந்த நேரத்துக்கு இனித்தன, பிறகு மனம் வறண்டது. புனிதர்களைப் பற்றிய நினைவோ போன பின்னும் மகிழ்ச்சியை விட்டுச்சென்றது. நீங்களும் 3 மாதம் அந்தத் தாளை வைத்துப் பாருங்கள். சோர்ந்திருக்கும் நாளில் எதையும் மாற்றாதீர்கள். வேதத்துக்கு முரண்படுகிறதா, உங்களைப் புகழாத ஒரு மூத்த விசுவாசி என்ன சொல்கிறார், வீட்டாரிடம் உங்கள் பொறுமை கூடியதா குறைந்ததா என்று பாருங்கள். உண்மையான அழைப்பு 3 மாதத்தில் கெட்டுப்போகாது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். குரல் நாள்தோறும் தொடர்ந்து கேட்டாலோ, தூக்கம் பல இரவு போய்விட்டாலோ, உங்களையோ பிறரையோ காயப்படுத்தச் சொன்னாலோ, அந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு உண்டு. போதகரையும் உடன் அழைத்துச் செல்லலாம். மாத்திரை எழுதிக் கொடுத்தால் அதை நிறுத்தாமல் சாப்பிட்டுக்கொண்டே ஜெபியுங்கள்.