யானைக்கு ஆறாத புண்: கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: எங்கள் கோயில் யானைக்குக் கன்னத்திலும் இடுப்பிலும் புண். ஆறுகிறது, மறுபடி உடைகிறது. ஏன் டாக்டர்?

பதில்: படுக்கைப் புண். மூன்று, நான்கு டன் உடம்பு கருங்கல் தரையில் அழுந்தும்போது, எலும்பு துருத்திய இடத்தில் தோலுக்கு ரத்தம் போகாது. மூட்டுவலி உள்ள கிழட்டு யானை எப்போதும் ஒரே பக்கமாகத்தான் படுக்கும், புண்ணும் அங்கேயே வரும். மணலை மேடாகக் குவித்து, சாய்ந்து படுக்க விடுங்கள். எழுந்திருக்கவும் சுலபம்.

புண்ணுக்கு வருவோம். யானைத் தோல் தடிப்பு. மேல்வாய் சீக்கிரம் மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் நிற்கும். ஆறிவிட்டது என்று நீங்கள் நினைப்பது இதைத்தான். அந்தப் புண் பொந்தின் அடிமட்டத்தில் மருத்துவர் கீறி வழி விட்டால் சீழ் தானாக வடியும். செத்த சதையை நீக்கி, தினமும் உப்புநீர் பீய்ச்சிக் கழுவி, நீர்த்த போவிடோன் அயோடின் விட வேண்டும். அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வரணும், அதுவரை வாய் மூடக் கூடாது. மாதக்கணக்கில் ஆகும். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே சீழைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். டெட்டனஸ் ஊசியையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைத்துச் சுத்தமாக்குகிறதே?

பதில்: முதல் நாள் சரி. தினமும் ஊற்றினால் புதுச் சதையையும் கருக்கும்.

கேள்வி: மஞ்சளும் வேப்பெண்ணெயும் போதாதா?

பதில்: ஈ அண்டாமலிருக்க, புண்ணைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவலாம். பொந்துக்குள் அடைக்காதீர்கள்.

கேள்வி: வலிக்கு டைக்ளோஃபெனாக் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. கால்நடைகளுக்கு அதை 2006லேயே தடை செய்தாகிவிட்டது. அந்த மருந்து ஏறிய பிணத்தைத் தின்றால் பாறு கழுகுகளுக்குச் சிறுநீரகம் கெட்டுச் சாகும். முதுமலையில் தெப்பக்காடு யானை முகாமை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் அவை கூடு கட்டுகின்றன. 2023ல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் என்ற வலி மருந்துகளும் தடைப்பட்டியலில் சேர்ந்தன. வலிக்கு மெலாக்சிகாம் இருக்கிறது, அளவை மருத்துவர் சொல்லட்டும்.

கேள்வி (பாகன் ஒருவர்): மணல் கொட்டச் சொல்வது சுலபம் சார். கழுவ வசதி என்று கல்தரை போட்டதே நிர்வாகம்தான். திட்டு மட்டும் எங்களுக்கு.

பதில்: நியாயம். தரையைப் பாகன் முடிவு செய்வதில்லை. மருத்துவர் கைப்பட எழுதிக் கொடுத்தால் நிர்வாகம் தட்டிக்கழிக்க முடியாது, எழுதி வாங்குங்கள்.

கேள்வி: எதற்கு இந்தப் பேச்சு? எல்லா யானையையும் எம்.ஆர்.பாளையம் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பிவிடலாமே!

பாகன்: பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவனைக் கேட்டீர்களா?

பதில்: இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். யானை எங்கே இருக்க வேண்டும் என்பது பெரிய வழக்கு. அது தீரும்வரை புண் காத்திருக்காது. இன்று ராத்திரி அந்த யானை எதன்மேல் படுக்கப்போகிறது, அதைச் சொல்லுங்கள். மண்தரை, புண்பட்ட காலில் சங்கிலி கிடையாது, தினமும் நடை. எந்த ஊரில் இருந்தாலும் இவை வேண்டும்.

கேள்வி: நகம் வெடித்து நாற்றம் வருகிறது.

பதில்: சாணியிலும் மூத்திரத்திலும் நிற்க விட்டால் அப்படித்தான். பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த நீரில் காலை ஊறவைத்து, நன்றாக உலர்த்துங்கள். நகத்தைப் பழகிய கைதான் செதுக்க வேண்டும்.

கேள்வி: மஞ்சள் வேப்பெண்ணெயோடு கற்பூரம் சேர்த்தால்?

பதில்: மஞ்சள், வேப்பெண்ணெய் கேள்விக்கு முன்பே சொன்ன பதில்தான் இதற்கும்.

கேள்வி: புண்ணின் போட்டோ அனுப்பியிருக்கிறேன், மருந்து சொல்லுங்கள்.

பதில்: போட்டோவில் ஆழம் தெரியாது. உங்கள் ஊர் கால்நடை மருத்துவர் கம்பி விட்டுப் பார்க்கட்டும். அதற்குள் மனிதருக்கான டைக்ளோஃபெனாக்கை மெடிக்கலில் வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஆண் யானைக்குக் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே வீங்கி, எண்ணெய்போல் ஒழுகுகிறது. கழுவி மருந்து வைக்கலாமா?

பதில்: அது மதநீராகத்தான் இருக்கும். பக்கத்தில் போகாதீர்கள்!