புத்தி சொல்வதும் தேற்றுவதும்

அன்புள்ள ஐயா,

சின்ன சபைகளைப் பற்றி நீங்கள் போன மாதம் எழுதியதை வாசித்தேன். முப்பது நாற்பது பேர் கூடும் இடத்தில் ஒருவருடைய துக்கம் மறைந்து கிடக்க முடியாது என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். என் துக்கமும் மறையவில்லை. ஆனால் அதனால் எனக்குக் கிடைத்தது ஆறுதல் இல்லை.

நான் சேலத்தில் ஒரு சின்ன பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவள். முப்பத்தைந்து பேர் வருவோம், மழை பெய்தால் இருபது. என் பாட்டி கொல்லிமலையில் ஞானஸ்நானம் எடுத்தவர். போன வருஷம் அம்மா இறந்தார். அதற்குப் பிறகு மூன்று மாதம் என்னால் ஆராதனைக்குப் போக முடியவில்லை. முதல் பாட்டு ஆரம்பித்தாலே அழுகை வந்துவிடும். அம்மா உட்காரும் ஜன்னலோர இடத்தைப் பார்க்க முடியாது. திரும்பப் போன அன்று ஒரு அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தனை நாள் சபைக்கு வராம இருந்தா சாத்தான் உள்ள வந்துடுவாம்மா, ஜாக்கிரதை" என்றார். இன்னொருவர் எபிரெயர் பத்தாம் அதிகாரத்தை எடுத்து வாசிக்கச் சொன்னார். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் விசுவாசத்தில் பின்வாங்கிப்போனவர்களுக்காக ஜெபித்தபோது என் பெயரையும் சொன்னார்களாம்.

ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய சபைக்குப் போகலாம் என்கிறார் என் கணவர். அங்கே யாருக்கும் நம்மைத் தெரியாது, நிம்மதியாக உட்கார்ந்துவிட்டு வரலாம் என்கிறார். எனக்கும் ஆசைதான். ஆனால் பாட்டி ஞாபகம் வந்து தடுக்கிறது. அடுத்த மாதம் வருடாந்தர சபைக்கூட்டம். அதற்குப் போகவா, வேண்டாமா?

ஒரு வாசகி, சேலம்

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவின் மறைவுக்கு வருந்துகிறேன். அடக்க ஆராதனைக்கு உங்கள் சபையில் எல்லாரும் வந்திருப்பார்கள். பந்தல் போட்டிருப்பார்கள், நாற்காலி தூக்கியிருப்பார்கள், மூன்று நாள் வீட்டில் அடுப்பு மூட்ட விட்டிருக்கமாட்டார்கள். இதிலெல்லாம் நம் ஆட்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு மாதம் கழிந்த பிறகும் ஒருவர் அழுதுகொண்டிருந்தால் என்ன செய்வது என்பதுதான் நமக்குத் தெரிவதில்லை. உடனே வேதாகமத்தைத் திறந்துவிடுகிறோம்.

என் கட்டுரையில் பாதியைத்தான் எழுதியிருக்கிறேன் என்பது உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது. துக்கம் மறையாது என்று எழுதினேன். வெளியே தெரிந்த துக்கத்தை நாலு பேர் என்ன செய்வார்கள் என்று எழுதவில்லை.

அந்த எபிரெயர் பத்தாம் அதிகாரத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். உங்களை வாசிக்கச் சொன்னது 25-ஆம் வசனமாகத்தான் இருக்கும். "சபைகூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல நாமும் விட்டுவிடாமல், ஒருவருக்கொருவர் புத்திசொல்லக்கடவோம்" என்று போகும். நம் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பு பவர் ஐயரின் குழு 1871-இல் முடித்தது. அந்தக் காலத் தமிழில் 'புத்திசொல்லுதல்' எவ்வளவு கனிவாக ஒலித்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. இன்றைக்கு நம் காதில் அது எப்படி விழுகிறது? "அவனைக் கூப்பிட்டு நாலு புத்தி சொல்லுங்க" என்றால் திட்டச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். உங்களுக்கு அந்த அக்கா சொன்னதும் அந்த வகைப் புத்திதான்.

நான் கிரேக்கம் படித்தவனில்லை, அகராதியை வைத்துத் தட்டுத்தடுமாறுகிறவன். ஆனால் இதைப் பார்க்க அந்த அளவே போதும். எபிரெயரில் 'புத்திசொல்ல' என்று வந்திருக்கிற இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது பராகலேயோ என்ற வினைச்சொல். பக்கத்தில் வரும்படி கூப்பிடுவது என்பது அதன் வேர்ப்பொருள். அதே சொல் முதலாம் தெசலோனிக்கேயர் ஐந்தாம் அதிகாரத்தில் வரும்போது நம் மொழிபெயர்ப்பு, "ஒருவரையொருவர் தேற்றி" என்கிறது. பரிசுத்த ஆவியானவரைத் 'தேற்றரவாளன்' என்று சொல்கிறோமே, அந்தப் பெயரும் இதே வேரிலிருந்து வந்ததுதான். ஆக ஒரே சொல்தான், ஓரிடத்தில் புத்திசொல்லுதலாகவும் இன்னோரிடத்தில் தேற்றுதலாகவும் தமிழுக்கு வந்திருக்கிறது. மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு. இரண்டில் எது எந்த ஆளுக்கு, எந்த நாளில் என்று பார்க்க வேண்டியது நாம். நம் சின்ன சபைகளில் புத்தி சொல்ல ஆள் எப்போதும் தயார். அதற்குச் செலவு கிடையாது, வசனத்தின் எண் தெரிந்தால் போதும். தேற்றுவதற்கு நேரம் ஒதுக்கிப் போய் உட்கார வேண்டும்.

ஜெபக் குறிப்பு என்று ஒன்று இருக்கிறதே, அதையும் சொல்லிவிடுகிறேன். "ஜெபத்துக்காகத்தான் சொல்றேன்" என்று ஆரம்பிக்கும் பேச்சில் பாதி ஊர்வம்பு. நானே பேசியிருக்கிறேன். உங்கள் பெயரைப் பின்வாங்கிப்போனவர்களோடு சேர்த்தவர் உங்கள் வீட்டுக்கு ஒரு தடவை வந்து கேட்டிருந்தால், நீங்கள் பின்வாங்கவில்லை, அம்மாவை இழந்து நிற்கிறீர்கள் என்பது தெரிந்திருக்கும்.

உங்கள் பாட்டி கொல்லிமலை என்றதும் எனக்கு ஜெஸ்ஸி பிரண்டின் ஞாபகம் வந்தது. இங்கிலாந்தில் கட்டடத் தொழில் பார்த்தவர், ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் வழியாக மிஷனரியாக வந்தவர். 1913-இல் ஈவ்லினைத் திருமணம் செய்துகொண்டு மலையில் குடியேறினார். தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்ததற்காக உலகம் அறிந்த வேலூர் மருத்துவர் பால் பிரண்ட், 1914-இல் பிறந்த அவர்களுடைய மகன். ஜெஸ்ஸி பிரண்ட் மருந்து கொடுத்தார், நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி எடுத்தார், பள்ளிக்கூடம் நடத்தினார். ஊர் ஊராக நடந்து பிரசங்கமும் செய்தார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் பல ஆண்டுகள் மலையில் ஒருவர்கூட சபையில் சேரவில்லை. இந்தக் குடும்பத்தை எதிர்த்து நின்றவர் அந்த ஊர்ப் பூசாரி. பிறகு அவரே காய்ச்சலில் விழுந்தார். சொந்தக்காரர்கள் பயந்து ஒதுங்கிக்கொண்டபோது பக்கத்தில் போனது பிரண்டும் அவர் மனைவியும்தான். சாகும் தறுவாயில் தன் குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்துவிட்டுப் போனார் அவர். மலையில் சபை உருவானது அதற்குப் பிறகுதான்.

1929-இல் ஜெஸ்ஸி பிரண்ட் மலையிலேயே காய்ச்சலில் இறந்தார். ஈவ்லின் அம்மா அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் மிஷனில் வேலை செய்தார். வயதாகிவிட்டது, ஓய்வு பெறுங்கள் என்று மிஷன் சொன்னது. ஓய்வு பெற்றுக்கொண்டு, யாரையும் கேட்காமல் திரும்ப மலையேறிவிட்டார்! குதிரை மேல் போவார், விழுந்து எலும்பை முறித்துக்கொள்வார், மறுபடி போவார். கடைசிக் காலத்தில் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு நடந்தார். 1974-இல் 95 வயதில் இறந்தார். உங்கள் பாட்டி அவரைப் பார்த்திருக்கக்கூடும்.

சரி, அவர்கள் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது, இப்போதுதான் கெட்டுவிட்டது என்று சொல்லப்போகிறேன் என நினைக்காதீர்கள். இன்னும் பின்னால் போனால் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் இருக்கும் செராம்பூர். 1800 ஜனவரியில் இங்கிலாந்திலிருந்து வந்த பாப்டிஸ்ட் மிஷனரிகளான கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகியோரின் குடும்பங்கள் ஒரே வளாகத்தில், ஒரே சாப்பாட்டு மேசையில், ஒரே பணப்பெட்டியில் வாழத் தொடங்கின. ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலத்தையும் அவர்கள் தங்களுக்குள் இருந்த மனஸ்தாபங்களைப் பேசித் தீர்ப்பதற்கென்றே ஒதுக்கியிருந்தார்கள் என்று வார்டு தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. ஞாயிறு இராப்போஜனப் பந்திக்கு முந்தைய நாளே கணக்கைத் தீர்த்துவிடுவது. ஆனால் அதே வீட்டில்தான் கேரியின் மனைவி டோரதி இருந்தார். 1794-இல் ஐந்து வயது மகனைப் பறிகொடுத்தபின் மனம் பேதலித்து, 1807-இல் இறக்கும்வரை தேறாமலே இருந்தவர். இவ்வளவு பக்தியும் ஒழுங்கும் இருந்த அந்த வீட்டில் யாராலும் அவரைத் தேற்ற முடியவில்லை. சனிக்கிழமைதோறும் சமாதானம் பேசிய அந்தச் செராம்பூர்க்காரர்களே 1827-இல் தங்களை அனுப்பிய பாப்டிஸ்ட் மிஷனரி சங்கத்தை விட்டுப் பிரிந்துபோனார்கள் என்பது இன்னொரு கதை.

எல்லாத் துக்கத்துக்கும் சபையில் மருந்து கிடைத்துவிடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். உங்களுக்கு இன்னும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் மருத்துவரையும் பாருங்கள். விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

பெரிய சபை பற்றிக் கேட்டிருந்தீர்கள். சென்னையில் வேலை பார்த்த இரண்டு வருஷம் நான் அப்படி ஒன்றுக்குத்தான் போனேன். பாட்டுக் குழு, திரை, குளிர்சாதனம், பின்வரிசையில் என் நாற்காலி. நிஜமாகவே நிம்மதி. ஒருமுறை நாலு வாரம் போகவில்லை. ஐந்தாவது வாரம் வாசலில் வரவேற்ற தம்பி, "முதல் தடவையா வர்றீங்களா அண்ணா?" என்று ஒரு பேனா கொடுத்தார். அந்தப் பேனா ரொம்ப நாள் எழுதியது. கேலி செய்யவில்லை, அந்த நிம்மதி சில காலத்துக்கு ஒருவருக்குத் தேவைப்படலாம். நீங்கள் சில மாதம் அங்கே போய் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தால் ஒன்றும் குடிமுழுகிப்போகாது. நாமெல்லாம் நாமே விசுவாச அறிக்கை செய்து, தண்ணீரில் இறங்கி, விரும்பிச் சேர்ந்தவர்கள். போவதற்கும் வருவதற்கும் அதே சுதந்திரம் உண்டு.

ஆனால் கோபத்தோடு போகாதீர்கள். அந்த அக்காவிடம் ஒரு தடவை பேசிவிட்டுப் போங்கள். "இரண்டு பேராவது மூன்று பேராவது" கூடியிருக்கும் இடத்தில் ஆண்டவர் இருக்கிறார் என்ற வசனத்தை நாம் கூட்டம் குறைந்த நாளில் ஆறுதலுக்குச் சொல்லிக்கொள்கிறோம், மழை நாளில் உங்கள் சபையிலும் சொல்லியிருப்பார்கள். மத்தேயு 18-ஐ முழுதாக வாசித்துப் பாருங்கள். ஐந்து வசனத்துக்கு மேலே, உனக்கு விரோதமாகச் சகோதரன் குற்றம் செய்தால் அவனிடம் போய், "நீயும் அவனும் தனித்திருக்கையில்" சொல் என்று இருக்கிறது. சண்டையைத் தீர்த்துக்கொள்வது பற்றிய பேச்சின் முடிவில்தான் அந்த இரண்டு மூன்று பேர் வருகிறார்கள். வேறு சபைப் பிரிவாக இருந்தால் பேராயருக்கு மனு எழுதலாம். நம் சபைக்கு மேலே அப்படி யாரும் கிடையாது. அந்த முப்பத்தைந்து பேரும்தான் சபை, நீங்களும் அதில் ஒருவர்.

என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அப்பா எங்கள் ஊர்ச் சபையில் பதினெட்டு வருஷம் பொருளாளர். பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. பார்க்க வந்தவர்கள் யோபுவின் கதையைச் சொன்னார்கள், அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். அவருக்குப் பிறகு கணக்கைப் பார்த்துக்கொண்டவர் ஒருவர் இருந்தார். எதற்கெடுத்தாலும் புத்தி சொல்கிற ஆள், சுற்றுச்சுவர் செலவு விஷயத்தில் அப்பாவோடு இரண்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசாதவர். அவர் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கணக்கு நோட்டோடு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். "அண்ணே, இந்த வாரம் காணிக்கை நானூத்திப் பன்னெண்டு ரூபா, கரண்டு பில் நூத்தி நாப்பது, எழுதிக்கிடட்டுமா?" என்றார். அப்பா இடது கையை அசைத்தார். அப்புறம் ஒவ்வொரு செவ்வாயும் வந்தார். ஜெபமெல்லாம் செய்யமாட்டார், கணக்கை வாசித்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போய்விடுவார். நாலைந்து மாதம் கழித்து ஒருநாள் வாசித்துக்கொண்டிருந்தபோது அப்பா விரலைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். கூட்டலில் முப்பது ரூபாய் உதைத்தது. அவர் தலையில் அடித்துக்கொண்டு, "பார்த்தீங்களா, நீங்க இல்லாம நான் என்ன பண்ணப்போறேன்" என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார், வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு. படுக்கையில் விழுந்தபின் அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான்.

வேண்டுமென்றே தப்பாகக் கூட்டினாரோ என்று பிற்பாடு எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்கவில்லை.

சபைக்கூட்டத்துக்குப் போங்கள். இருப்பதா விடுவதா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம். உங்கள் கைக்கும் அங்கே ஒரு ஓட்டு உண்டு, போதகரை அழைப்பதற்கும் கணக்கை ஏற்பதற்கும் அந்தக் கை தூக்கினால்தான் ஆகும். வேறு விஷயங்கள் என்று கடைசியில் கேட்பார்கள். அப்போது எழுந்து, ஒரு ஆளின் பெயரைச் சொல்லி ஜெபிப்பதற்கு முன்னால் இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போய்வர வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவர முடியுமா பாருங்கள். தோற்றாலும் பரவாயில்லை, குறிப்பேட்டில் ஏறிவிடும்.

அப்புறம், பாட்டி எந்த ஊர், எந்தத் தண்ணீரில் இறங்கினார், கரையில் யார் நின்றார்கள் என்று அம்மா ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.