கலவர நேரத்தில் கைப்பேசி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: "பிரிக்பீல்ட்ஸில் சண்டை, கடையை அடைச்சிட்டு ஓடுங்க" என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) குரல் பதிவு வந்தது. போலீஸ் முகநூல் பக்கத்தில் ஒன்றையும் காணோம். மறைக்கிறார்களா?
(வாசகர், பிரிக்பீல்ட்ஸ்)

ரோந்து வண்டி போய்ப் பார்த்து, கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லி, மேலதிகாரி சரி என்ற பிறகுதான் போலீஸ் பக்கத்தில் ஒரு வரி ஏறும். வதந்திக்கு இந்த வேலையெல்லாம் கிடையாது, முந்திக்கொண்டு வந்துவிடும். 2018 நவம்பரில் மலேசியாவின் சுபாங் ஜெயாவில் உள்ள சீபீல்டு கோயிலில் வன்முறை வெடித்தபோது அதை இன மோதலாகத் திரித்த செய்திகளும் கூடவே ஓடின. ஆகவே "தகவல் வந்தது, சரிபார்க்கிறோம்" என்றாவது போலீஸ் உடனே போட வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

பதிவை மறுபடி கேளுங்கள். எந்தத் தெரு, என்ன தேதி, எத்தனை மணி என்று சொல்கிறதா? "இப்போ", "இங்கே" என்று மட்டும் இருந்தால் அதை எந்த ஆண்டிலும் சுற்றவிடலாம். செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தால், குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று பொருள். அனுப்பியவர் உங்கள் மாமாவாகவே இருந்தாலும், அவருக்கும் மூலம் தெரியாது. 2017இல் தொடங்கிய அரசாங்கத்தின் செபெனார்ஞா (sebenarnya.my) என்ற உண்மை சரிபார்ப்புத் தளத்திலும் தேடிப் பாருங்கள்.

கே: ஆபத்தில் போலீஸ் பக்கத்தின் கீழே கருத்து எழுதினால் வருவார்களா?
(வாசகர், பட்டர்வொர்த்)

வரமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 999ஐ அழையுங்கள். முதலில் இடம்: சாலைப் பெயர், எதிரே உள்ள கடை அல்லது கோயில். பிறகு என்ன நடக்கிறது, யாருக்காவது அடிபட்டதா என்பது. இணைப்பு பாதியில் அறுந்தாலும் இடம் போய்ச் சேர்ந்திருக்கும்.

கே: நடப்பதை நேரலையில் காட்ட வேண்டாம் என்கிறார்களே, ஏன்?
(வாசகர், ஜார்ஜ்டவுன்)

உங்கள் படத்தின் ஓரத்தில் ஒரு தெருப்பலகை, அதன் கீழே சுவரோடு ஒட்டி நிற்கும் நான்கு போலீஸ்காரர்கள். கட்டடத்துக்குள் பதுங்கியிருக்கும் குற்றவாளியின் கைப்பேசியிலும் அது தெரியும். 2013இல் பாஸ்டன் குண்டுவெடிப்புக்குப் பின் நடந்த தேடலிலும், 2016இல் மியூனிக் துப்பாக்கிச் சூட்டிலும் போலீஸ் இதையேதான் கெஞ்சிக் கேட்டது. மியூனிக்கில் சுட்டவன் ஒருவன்தான். ஆனால் நகரின் பல மூலைகளிலிருந்து "இங்கேயும் சுடுகிறார்கள்" என்று பொய்த்தகவல் குவிந்து, காவலர்கள் அங்கெல்லாம் ஓட வேண்டியதாயிற்று. அன்று அந்தப் போலீஸ் ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு, துருக்கி என நான்கு மொழிகளில் அறிவிப்புப் போட்டது. நம் ஊரில் நெருக்கடி நேரத்தில் தமிழிலும் ஒரு வரி வந்தால் எத்தனை பாட்டிகளின் பதற்றம் அடங்கும்!

படம் எடுப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. எடுங்கள், உடனே ஏற்றாதீர்கள்.

கே: எடுத்த காணொளியைப் போலீஸிடம் எப்படிக் கொடுப்பது?
(வாசகர், செந்தூல்)

புலனத்தில் வழக்கம்போல் அனுப்பினால் அது காணொளியைச் சுருக்கிவிடும். முகமும் வண்டி எண்ணும் மங்கும், எடுத்த நேரம், இடம் போன்ற விவரங்களும் காணாமல் போகலாம். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் 'ஆவணம்' என்ற வழியில் அனுப்புங்கள். மூலக்கோப்பை வெட்டாமல், எழுத்து ஒட்டாமல் கைப்பேசியிலேயே வைத்திருந்து, எந்தக் காவல் நிலையத்திலும் புகார் செய்யுங்கள். "இவன்தான் அவன்" என்று முகநூலில் பெயர் போடாதீர்கள். பாஸ்டனில் இணையவாசிகள் சம்பந்தமே இல்லாத ஒரு மாணவரைக் குற்றவாளியாக்கினார்கள். அந்தக் குடும்பம் பட்ட வேதனையை எந்தத் திருத்தமும் துடைக்கவில்லை.

கே: நான் எழுதவில்லை, பகிர்ந்தேன். குற்றமா?
(வாசகர், கெப்போங்)

ஆகலாம். 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு, கெட்ட நோக்கத்தோடு பொய்யை அனுப்புவதையும் பிடிக்கிறது. 2025 பிப்ரவரி முதல் அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை, சிறை 2 ஆண்டு வரை. நோக்கம் கெட்டதல்ல என்று பிறகு விளக்கலாம். அதற்குள் கைப்பேசி விசாரணைக்குப் போயிருக்கும். தவறாகப் பகிர்ந்துவிட்டால் அழித்துவிட்டுச் சும்மா இராமல், அதே குழுவில் "அது பொய்" என்று எழுதிவிடுங்கள்.