அமெரிக்காவில் கிளினிக்கல் சைக்காலஜி முனைவர் படிப்பு: பிராக்டிகம் இடத்தை எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

பெயர் பெற்ற ஆஸ்பத்திரியா, பக்கத்துக் கிளினிக்கா என்று பார்ப்பதற்கு முன்னால் அங்கே கிடைக்கும் பயிற்சி மணிக் கணக்கைப் பாருங்கள். இடத்தில் எதைக் கேட்க வேண்டும் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.

பிராக்டிகம் என்பது பாடம் நடக்கும் ஆண்டுகளிலேயே வாரத்தில் இரண்டு நாள் போல வெளியிடத்தில் செய்யும் மேற்பார்வைப் பயிற்சி. நியூயார்க் பக்கம் இதையே எக்ஸ்டர்ன்ஷிப் என்பார்கள். இறுதியில் வரும் ஓராண்டு முழுநேர இன்டர்ன்ஷிப் வேறு. யாருக்கு எந்த இடம் என்பதைப் பெரும்பாலும் ஆப்பிக் (APPIC, உளவியல் இன்டர்ன்ஷிப் மையங்களின் சங்கம்) நடத்தும் மேட்ச் என்ற பொருத்தல் முறை தீர்மானிக்கிறது. அதற்கான விண்ணப்பத்தில் பிராக்டிகத்தில் நீங்கள் சேர்த்த மணிகளை நேரடி சிகிச்சை, உளவியல் சோதனை, சூப்பர்விஷன் (மேற்பார்வை) என்று தனித்தனிக் கணக்காகக் கேட்பார்கள்.

ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். பயிற்சி இடத்தில் 16 மணி நேரம் இருக்கிறீர்கள். ஆறு பேருக்கு அப்பாயின்ட்மென்ட். இரண்டு பேர் வரவில்லை. வந்த நால்வருக்கு 4 மணி (45–50 நிமிட அமர்வை ஒரு மணியாக எழுதலாம்). ஒன்றரை மணி நேரக் குழு சிகிச்சையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தாலும் கணக்கு ஒன்றரைதான். ஆக, நேரடி மணி ஐந்தரை. மீதியெல்லாம் சூப்பர்விஷன், நோட்ஸ், கேஸ் மீட்டிங், காத்திருப்பு. 40 வாரத்துக்கு 220. இரண்டு ஆண்டுக்கு 440. 500 நேரடி மணி கேட்கும் இன்டர்ன்ஷிப் தளத்துக்கு இது எட்டாது. எந்தத் தளம் எவ்வளவு கேட்கிறது என்பது ஆப்பிக் டைரக்டரியில் இருக்கும். முதல் ஆண்டிலேயே பார்த்து வையுங்கள்.

அதனால் நேர்முகத்தில் "வாரம் எத்தனை மணி வரணும்?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "போன வருஷ மாணவர் வாரத்துக்கு எத்தனை பேரை உண்மையில் பார்த்தார்?" என்று கேளுங்கள். வராதவர்களுக்கு ஈடாக இரண்டு ஸ்லாட் கூடுதலாகத் தருவார்களா என்றும் கேளுங்கள்.

சோதனை பக்கம் இன்னும் அதிகமாக ஏமாற்றும். சோதனை நடத்திய நேரமும் முடிவை விளக்கிச் சொன்ன நேரமும் நேரடிக் கணக்கு. ஸ்கோரிங்கும் அறிக்கை எழுதுவதும் அதில் சேராது. விண்ணப்பத்தில் எண்ணிக் கேட்கும் 'ஒருங்கிணைந்த அறிக்கை'யில் பின்புல வரலாறு, நேர்காணல், குறைந்தது இரண்டு சோதனைகள் இருக்க வேண்டும். வெய்ஸ் (WAIS) என்ற அறிவுத்திறன் சோதனையை மட்டும் வைத்து எழுதியது எத்தனை பக்கம் போனாலும் அந்த எண்ணிக்கையில் வராது. இரண்டு மூன்று மாதம் கழித்து இதைத் திருத்த முடியாது, சோதனைக்கு வந்த ஆள் போயிருப்பார்.

சூப்பர்வைசர் உரிமம் பெற்ற சைக்காலஜிஸ்டா என்று உறுதிசெய்யுங்கள். சமூகப் பணியாளர் மேற்பார்வை நல்ல பயிற்சியாகவே இருக்கலாம், ஆனால் அது வேறு வரிசையில் பதிவாகும். உங்கள் துறை ஏற்காமலும் போகலாம். ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) அங்கீகாரம் பெற்ற படிப்பில், உங்களைப் பற்றி எழுதும் ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் சூப்பர்வைசர் உங்கள் அமர்வை நேரிலோ பதிவிலோ ஒரு முறையாவது பார்த்திருக்க வேண்டும். ரெக்கார்டிங்கை அனுமதிக்காத இடமென்றால், யார் எப்போது வந்து உட்காருவார் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

எஃப்-1 (மாணவர்) விசாவில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வெட்டரன்ஸ் அஃபேர்ஸ் (முன்னாள் ராணுவத்தினர் நலத்துறை) மருத்துவமனைகள் அருமையான பயிற்சி இடங்கள்தான், ஆனால் அமெரிக்கக் குடியுரிமை கேட்பார்கள். அங்கே விண்ணப்பித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். மற்ற இடங்களுக்குச் சம்பளம் இல்லையே, அனுமதி எதற்கு என்று நீங்களாக முடிவுகட்டாமல், வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் சிபிடி (CPT, படிப்பின் பகுதியான பயிற்சிக்குத் தரும் வேலை அனுமதி) பற்றிக் கேளுங்கள். சிபிடி குறிப்பிட்ட இடத்துக்கும் தேதிக்கும் மட்டுமே. அனுமதி கைக்கு வரும் முன் ஒரு நாள்கூடத் தொடங்கக் கூடாது. வாரம் 20 மணிக்குள் இருந்தால் அது பகுதிநேரம். முழுநேர சிபிடி மொத்தம் 12 மாதத்தைத் தொட்டால் ஓபிடி (OPT, எஃப்-1 மாணவர்கள் தங்கள் துறையில் வேலை செய்யத் தரும் வேறோர் அனுமதி) போய்விடும். இன்டர்ன்ஷிப்பே ஓராண்டு முழுநேரம் என்பதால், பிராக்டிகத்தில் முழுநேர மாதங்களைச் செலவழிக்கும் முன் தேதிகளை அலுவலகத்தோடு உட்கார்ந்து எண்ணுங்கள்.

பின்னணிச் சோதனை, காசநோய்ப் பரிசோதனை, மால்பிராக்டிஸ் இன்ஷூரன்ஸ் (தொழில்முறைத் தவறுக்கான காப்பீடு), பல்கலைக்கழக ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் இரண்டு மூன்று மாதம் ஒதுக்குங்கள். பெரும்பாலும் தாமதமாவது ஒப்பந்தக் கையெழுத்துதான்.

மணிகளை அன்றன்றே பதியுங்கள். அமர்வின் வகை, வயதுப் பிரிவு, சோதனையின் பெயர் மூன்றும் ஒவ்வொரு வரியிலும் இருக்கட்டும். ஆளின் பெயர் வேண்டாம். சூப்பர்வைசரின் கையெழுத்தை மாதாமாதம் வாங்கிவிடுங்கள். அவர் வேலை மாறிப் போய்விட்டால் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.